அக்காவின் மனச்சோர்வுக்கு எந்தப் பிரார்த்தனை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்காவுக்கு மனச்சோர்வு என்று மருத்துவர் கண்டறிந்து, சில மாதங்களாக மாத்திரை எடுத்துவருகிறார். வீட்டுப் பெரியவர்கள் முருகன் கவசத்தை நாள்தோறும் 36 உரு, அதாவது 36 தடவை, ஓதச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்மணி உபவாச ஜெபத்துக்கு அழைக்கிறார். உங்களோடு வேலை பார்க்கும் நண்பர், ஐந்து வேளைத் தொழுகை தருகிற அமைதிக்கு ஈடில்லை என்கிறார். இவற்றில் எது மனநலத்துக்கு நல்லது, ஆய்வுகள் என்ன சொல்கின்றன, அக்காவுக்குத் தெரியாமல் குடும்பத்தார் வேண்டிக்கொண்டாலும் பலன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இது மதங்களை ஒப்பிடும் கேள்வி போலத்தான் தோன்றுகிறது. ஆனால், ‘இதைத் தொடங்கிவிட்டால் மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா’ என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கு விடை, கூடாது என்பது. மனச்சோர்வுக்கான மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை போன்ற தொல்லைகள் வரலாம், நோயும் திரும்பக்கூடும். நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடர்வது மருத்துவ நடைமுறை. பிரார்த்தனைக்கும் மாத்திரைக்கும் எந்தப் பகையும் இல்லை. இரண்டும் ஒரே நாளில் ஒரே வீட்டில் நடக்கலாம்.

நான் மருத்துவ உளவியலில் பயிற்சி பெற்றவன். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இஸ்லாமியரும் ஒரே வரிசையில் காத்திருக்கும் தென்மாவட்ட மருத்துவமனை ஒன்றில் மனநல மருத்துவர்களோடு பல ஆண்டுகளாக வேலை செய்கிறவன். கடவுள் கேட்கிறாரா என்பதை எந்த உளவியல் அளவுகோலும் அளக்காது. அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. பிரார்த்திக்கிற மனிதருக்கு என்ன நேர்கிறது என்பதை மட்டுமே பேச முடியும். உங்கள் அக்காவை நான் பார்த்ததில்லை என்பதால், அவரைப் பற்றிச் சொல்பவற்றை அவருடைய மருத்துவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மதங்களை நேர்மையாக ஒப்பிடுவது ஏறக்குறைய நடக்காத காரியம். சீட்டுக் குலுக்கிப் போட்டு, ‘நீங்கள் ஆறு மாதம் தொழுங்கள், நீங்கள் ஆறு மாதம் ஜெபமாலை உருட்டுங்கள்’ என்று யாரையும் அனுப்பிவைக்க முடியாது. அப்படியே அனுப்பினாலும், நம்பிக்கை இல்லாமல் செய்யும் தொழுகை தொழுகை ஆகாது. கையில் இருக்கும் ஆய்வுகளிலும் பெரும்பகுதி அமெரிக்கக் கிறிஸ்தவர்களைப் பற்றியவை. இவற்றுக்கெல்லாம் மேலாக இன்னொரு சிக்கல் உண்டு. துன்பம் வரும்போது மனிதர்கள் கூடுதலாகப் பிரார்த்திக்கிறார்கள். 2020 மார்ச்சில் கொரோனா பரவிய வேளையில், கோபன்ஹேகனைச் சேர்ந்த பொருளியல் ஆய்வாளர் ஜேனட் பென்ட்சன் 95 நாடுகளின் கூகுள் தேடல்களை ஆராய்ந்து, பிரார்த்தனை குறித்த தேடல்கள் பெருமளவு உயர்ந்திருந்ததைக் காட்டினார். அந்த மாதத்தில் ஒருவர் ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்திருந்தால், அதிகம் பிரார்த்திப்பவர்களே அதிகம் பயந்திருக்கிறார்கள் என்று கண்டிருப்பார். அதிலிருந்து பிரார்த்தனைதான் பயத்தைத் தருகிறது என்று முடிவு கட்டுவது, குடை பிடித்திருப்பவர்கள் நனைந்திருப்பதைப் பார்த்துக் குடைதான் அவர்களை நனைத்தது என்று சொல்வதற்குச் சமம். ஒரே சமயத்தில் எடுத்த கருத்துக்கணிப்பை வைத்துக்கொண்டு, பிரார்த்தனையால் நோய் குறைந்தது என்றோ கூடியது என்றோ யாராவது அடித்துச் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

ஓரளவு உறுதியோடு பேச முடிகிற இடம், பிரார்த்தனையின் வகைகள். 1980களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகர மக்களிடம் ஆய்வு செய்த மார்கரெட் பொலோமாவும் பிரையன் பெண்டில்டனும் அவற்றை நான்காகப் பிரித்தார்கள்: வகுத்துவைத்த வாசகங்களை ஓதுவது, தேவைகளைக் கேட்பது, சொந்தச் சொற்களில் கடவுளோடு உரையாடுவது, எதுவும் கேட்காமல் அவர் முன்னிலையில் அமைதியாக இருப்பது. இந்த நான்கும் எல்லா மதத்திலும் இருக்கின்றன. தொழுகை முடித்து உட்கார்ந்து தன் மொழியில் துஆ கேட்பவரும், ஜெபமாலையை முடித்துவிட்டு மாதாவிடம் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசுபவரும், அர்ச்சனைச் சீட்டைக் கொடுத்துவிட்டு மூலவர் முன் கண்மூடி நிற்பவரும் ஒரே அரை மணி நேரத்துக்குள் இரண்டு மூன்று வகைகளைக் கடந்துவிடுகிறார்கள். உரையாடலும் அமைதியான இருப்பும் மனநிறைவோடு சேர்ந்து காணப்பட்டன. ஓதுவதை மட்டுமே செய்தவர்களிடம் சோகமும் தனிமையும் கூடுதலாக இருந்தன. எத்தனை தடவை பிரார்த்தித்தார்கள் என்பதைவிட அப்போது என்ன உணர்ந்தார்கள் என்பதே அதிகம் சொன்னது. 2010இல் விட்டிங்டன், ஷெர் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வும் அதே திசையில் போகிறது. போற்றுதல், நன்றி கூறல், இறைவனிடமிருந்து பெறக் காத்திருத்தல் ஆகியவை மனநலத்தோடு ஒத்துப்போயின. கேட்பது, பாவத்தை அறிக்கையிடுவது, கடமைக்காகச் செய்வது ஆகியவை அப்படி ஒத்துப்போகவில்லை, சிலவற்றில் எதிராகவும் இருந்தன.

இதைப் படித்துவிட்டு வேண்டுதல் கெட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்பவர் தேவையில் இருப்பவர்; அவர் மனம் வாடியிருப்பதில் வியப்பில்லை. ஓதுவது பற்றிய முடிவையும் நான் அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர மாட்டேன். ஒஹாயோவில் அச்சடித்த வாசகத்தை மட்டும் படிப்பவரின் நிலை வேறு; ஐந்து வேளைத் தொழுகையே நாளின் எலும்புக்கூடாக இருந்து, பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று, திரும்பும்போது நாலு பேரிடம் நலம் விசாரித்து வருபவரின் நிலை வேறு. மனச்சோர்வில் முதலில் சிதைவது நாளின் ஒழுங்கும் மனிதத் தொடர்பும்தான். அவற்றைத் தாங்கிப்பிடிக்கிற எந்தச் சடங்கையும் நான் குறைத்துப் பேசத் தயாரில்லை.

திரும்பத் திரும்ப ஓதுவதில் உடலுக்கும் ஒரு பங்கு உண்டு. இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வில், உடல்நலமுள்ள 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலையின் மரியன்னை வாழ்த்தையும் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ மந்திரத்தையும் ஓதச் செய்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 என்ற அளவுக்குத் தானாகவே இறங்கியது. இரத்த அழுத்தத்தை இதயம் உணர்ந்து சரிசெய்யும் திறனும் கூடியது. கத்தோலிக்க வாழ்த்தும் திபெத்திய மந்திரமும் ஒரே மூச்சளவுக்கு வந்து சேர்ந்தது எனக்கு இன்றும் வியப்பூட்டுவது. ஆனால் அது சிறிய ஆய்வு. மனச்சோர்வு உள்ளவர்களிடம் செய்யப்பட்டதும் அன்று. மொரிஷியஸில் மராத்தி இந்துப் பெண்கள் 75 பேரிடம் செய்து 2020இல் வெளியான ஆய்வு சற்று அருகில் வருகிறது. அவர்களுக்குப் பதற்றம் உண்டாகும்படி ஒரு பேச்சைத் தயாரிக்கச் சொல்லிவிட்டு, ஒரு பகுதியினரைக் கோயிலுக்கு அனுப்பி வழக்கமான வழிபாட்டைச் செய்யவிட்டார்கள். மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கோயிலுக்குப் போனவர்களிடம் பதற்றம் கூடுதலாகத் தணிந்திருந்ததை அவர்கள் சொன்னதும் காட்டியது, இதயத் துடிப்பின் அளவீடுகளும் காட்டின.

எப்போது உதவுகிறது என்பதற்கு நான் மாணவர்களிடம் அடிக்கடி எடுத்துச் சொல்லும் சான்று இஸ்ரேலில் இருந்து வருகிறது. 2006 லெபனான் போரின்போது வடக்கே ஏவுகணைகள் விழுந்த பகுதியில் தங்கிவிட்ட யூதப் பெண்களையும், வீட்டை விட்டுப் பாதுகாப்பான இடங்களுக்குப் போய்விட்ட பெண்களையும் ரிச்சர்ட் சோசிஸ், பென் ஹேண்ட்வெர்க்கர் என்னும் மானிடவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். தங்கியவர்களில், சங்கீதங்கள் எனப்படும் வேதாகமப் பாடல்களை ஓதியவர்களுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது. இடம்பெயர்ந்தவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஏவுகணை எங்கே விழும் என்பதில் ஒருவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. இடம்பெயர்ந்தவருடைய கவலைகளோ இட நெருக்கடி, குழந்தைகள், வேலை என்று ஏதாவது செய்து தீர்க்கவேண்டியவை. கையில் இல்லாத காரியத்தில் ஓதுவது மனத்தைத் தாங்குகிறது, கையில் உள்ள காரியத்தில் அதன் வேலை குறைவு என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். உங்கள் அக்காவின் நோயில் இரண்டும் கலந்தே இருக்கின்றன.

இனி, யாரிடம் பேசுகிறோம் என்பது. டென்மார்க்கில் ஊஃபே ஷியோட் என்னும் ஆய்வாளர், பக்தி மிகுந்த 20 கிறிஸ்தவர்களின் மூளையை அவர்கள் பிரார்த்திக்கும்போதே படம்பிடித்தார். கர்த்தர் கற்பித்த ஜெபத்தை மனத்துக்குள் சொன்னபோது தெரிந்ததற்கும், சொந்த வார்த்தையில் பேசியபோது தெரிந்ததற்கும் வேறுபாடு இருந்தது. சொந்தப் பேச்சின்போது, இன்னொரு மனிதரின் மனத்தை ஊகிக்க நாம் பயன்படுத்தும் மூளைப் பகுதிகள் இயங்கின. அப்படியானால் எதிரே இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று பிரார்த்திப்பவர் நினைக்கிறாரோ, அதைப் பொறுத்துப் பலனும் மாறும் என்று எதிர்பார்க்கலாம். 2014இல் கிறிஸ்டஃபர் எல்லிசன் குழுவினர் அமெரிக்கர்களிடம் கண்டது ஏறக்குறைய இதைத்தான்: கடவுளை அன்பானவர், நெருக்கமானவர் என்று உணர்ந்தவர்களுக்கு அதிகப் பிரார்த்தனை குறைந்த பதற்றத்தோடு சேர்ந்திருந்தது, அவர் நம்பத்தகாதவர், தொலைவில் இருப்பவர் என்று உணர்ந்தவர்களுக்கு அதே பிரார்த்தனை கூடிய பதற்றத்தோடு சேர்ந்திருந்தது. கென்னத் பார்கமென்ட் 2001இல் வெளியிட்டது இன்னும் கனமானது. 55 வயதைக் கடந்த 596 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், ‘கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார்’, ‘அவருக்கு என்மேல் அன்பில்லை’, ‘இது சாத்தானின் வேலை’ என்ற எண்ணங்களோடு போராடியவர்களுக்கு இறக்கும் வாய்ப்பு 19 முதல் 28 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. அவர்கள் உடலின் நிலையையும் மற்றக் காரணங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு கிடைத்த எண் இது.

என் அறையிலும் நான் முதலில் கேட்பது, ‘சாமி கும்பிடும்போது என்ன சொல்லிக் கும்பிடுவீர்கள்’ என்பதுதான். ‘என்னை ஏன் இப்படிச் சோதிக்கிறாய்’ என்று சண்டை போடுபவரைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. கண்ணிழந்த சுந்தரர் சிவனோடு மல்லுக்கட்டியிருக்கிறார். சங்கீதங்களில் பல, கடவுளிடம் வைக்கப்பட்ட நேரடியான முறையீடுகள். சண்டை போடும் அளவுக்கு உறவு உயிரோடு இருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். ‘எந்த ஜென்மத்துப் பாவமோ, எனக்கு இது வேண்டியதுதான்’ என்று தணிந்த குரலில் சொல்பவரைப் பார்த்துத்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன். காரணமில்லாத குற்ற உணர்வு மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்று. அந்தக் குற்ற உணர்வுக்குப் பாவ அறிக்கை, பரிகாரம், பட்டினி என்று நாள்தோறும் தீனி போட்டால் நோய் வளரும். இது எந்த மதத்தின் பரிகாரம் என்பதில் வேறுபாடு இல்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு நோயும் உண்டு: பிரார்த்தனையே நோயின் வடிவம் எடுத்துக்கொள்வது. ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய், பக்தி உள்ளவரிடம் பக்தியின் ஆடையைப் போட்டுக்கொண்டு வரும். ஒளு எனப்படும், தொழுகைக்கு முன் கழுவிப் பெறும் தூய்மை முறிந்துவிட்டதோ என்று திரும்பத் திரும்பக் கழுவி, ஜமாஅத் தொழுகையையே தவறவிடும் இளைஞரை இஸ்லாமியக் குடும்பங்கள் ‘வஸ்வாஸ்’ என்ற சொல்லால் நன்கு அறியும். கத்தோலிக்கத் திருச்சபை இதைப் பல நூற்றாண்டுகளாகக் கண்டுவந்திருக்கிறது. 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் தங்கியிருந்த, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார், ஏற்கெனவே அறிக்கையிட்ட பாவங்களை மறுபடி மறுபடி அறிக்கையிட்டு, உயிரை விட்டுவிடலாமா என்னும் எல்லை வரை போய்த் திரும்பினார். ஜெருசலேமின் மனநல மருத்துவர்கள் தீவிர மரபுவழி யூதர்களிடம், கவனம் சிதறிவிட்டது என்பதற்காக ஒரே வாசகத்தை மீண்டும் மீண்டும் ஓதும் நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நம்மிடையே மந்திரத்தில் ஒரு எழுத்துப் பிசகியதால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று முதலிலிருந்து தொடங்குபவர்கள் உண்டு. மகிழத்தக்க செய்தி என்னவென்றால், இந்த மதங்களுக்குள்ளேயே இதற்கான மருந்து இருக்கிறது. உறுதியாகத் தெரிந்ததை ஐயம் நீக்காது என்பது இஸ்லாமியச் சட்டவியலின் அடிப்படை விதிகளில் ஒன்று. ஒளு செய்தது உறுதி, முறிந்தது வெறும் சந்தேகம் என்றால் மறுபடி செய்யவேண்டியதில்லை. இஞ்ஞாசியாரும் பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகே விடுபட்டார். இத்தகையவர்களுக்குச் சிகிச்சை தரும்போது, அவர் மதிக்கும் ஆலிமையோ பங்குத்தந்தையையோ குருக்களையோ அழைத்து, ‘ஒரு தடவை போதும்’ என்று அவர் வாயால் சொல்லவைப்பதுண்டு. என் நூறு வார்த்தைக்கு இல்லாத மதிப்பு அந்த ஒரு வார்த்தைக்கு இருக்கும்.

இப்போது அந்த 36 உருவுக்கு வருகிறேன். ஓர் உருவை வேகமாக ஓதினாலும் பத்து நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் ஆறு மணி நேரம். குளிப்பதற்கே எழ முடியாமல் படுத்திருக்கும் ஒருவரிடம் இதைக் கேட்கிறார்கள். எண்ணிக்கையை முடிக்கும் அவசரத்தில் மூச்சு சீராகப் போவதில்லை. பன்னிரண்டாவது உருவில் சோர்ந்து விழுந்தால், ‘இதைக்கூட என்னால் செய்ய முடியவில்லை, சாமிக்கும் கடன் வைத்துவிட்டேன்’ என்ற எண்ணம் மிஞ்சும். அக்காவுக்குக் கவசம் பிடிக்குமானால், மாலையில் விளக்கேற்றி, அம்மாவோடு உட்கார்ந்து, நிதானமாக ஒரு தடவை ஓதட்டும். ஓத முடியாத நாளில் யாராவது ஓத அவர் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

நேர்த்திக்கடன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதுதான் வரும். மொரிஷியஸில் தைப்பூசக் காவடி எடுக்கும் தமிழ் வம்சாவளியினரை திமித்ரிஸ் ஜிகலாட்டஸ் குழுவினர் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். நாள்பட்ட நோயுள்ளவர்களும் வசதி குறைந்தவர்களும் அதிகமாக அலகு குத்திக்கொண்டார்கள். அதிக வலியை ஏற்றவர்களே பின்னர் அதிக நலமாக உணர்ந்ததாகச் சொன்னார்கள். உடலுக்கு நிலையான கேடு எதுவும் அளவீடுகளில் தெரியவில்லை. இது தானாக முன்வந்து, ஊர் கூடி நின்று, குறித்த நாளில் முடிந்துவிடும் சடங்கு. தீவிர மனச்சோர்வில் இருப்பவரை மற்றவர்கள் வேண்டிக்கொண்டு இழுத்துப் போவதற்கு இதை ஆதாரமாகக் காட்ட முடியாது.

கோயிலில் தங்கவைப்பதைப் பற்றியும் இருபக்கச் சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பற்றிய ஆய்வு 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். சிறப்பான குணமாக்கும் சடங்கு ஏதும் இல்லை. காலை வழிபாடு, பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கூடவே வீட்டார் ஒருவர். அறிகுறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. ஒப்பிட இன்னொரு குழு இல்லாததால், கோயிலால் குறைந்ததா காலத்தால் குறைந்ததா என்பதை அந்த ஆய்வு தீர்க்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் தர்காவை நாடி வந்தவர்களை வைத்துத் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. ஆகவே யாராவது ஓர் இடத்தைப் பரிந்துரைத்தால், மருந்தைத் தொடர விடுகிறார்களா, வீட்டார் கூட இருக்கலாமா, விரும்பியபோது வெளியே வரலாமா என்ற மூன்றையும் கேளுங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் போகாதீர்கள்; அது மடமா, ஜெபவீடா, தர்காவா என்பது இதில் பொருட்டில்லை.

பேசாத் தியானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாருக்கும் பாதுகாப்பானது என்று நினைத்துப் பத்து நாள் மௌன முகாம்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஜாரெட் லிண்டால், வில்லோபி பிரிட்டன் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பௌத்தத் தியானம் பழகிய 60 பேர் அச்சம், தூக்கமின்மை, தன்னுணர்வு குலைதல் போன்ற அனுபவங்களை விவரித்திருக்கிறார்கள். இருண்ட எண்ணங்களோடு தனியே உட்கார்ந்திருப்பது உங்கள் அக்காவுக்கு இப்போது உகந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அக்காவிடமே கேளுங்கள்: முன்பு எப்படிக் கும்பிட்டால் மனம் இலேசாக இருந்தது என்று. அவர் சொல்வதைச் சிறிய அளவில் தொடரச் செய்யுங்கள். முடிந்த பிறகு அவர் சற்று எழுந்து நடமாடுகிறாரா, ஒருவரிடம் பேசுகிறாரா, அல்லது இன்னும் சுருங்கிப் படுக்கிறாரா என்று இரண்டு வாரம் கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். சாக வேண்டும் என்ற பேச்சோ, கடவுளின் குரல் கட்டளையிடுகிறது என்ற பேச்சோ வந்தால் வழிபாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்; வழி தெரியாவிட்டால் அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது.

அவருக்குத் தெரியாமல் நீங்கள் வேண்டிக்கொள்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிறருக்காகச் செய்யும் பிரார்த்தனையைச் சோதித்த மிகப் பெரிய ஆய்வுகளுள் ஒன்று, இதயத்தில் பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1802 பேரைக் கொண்டு அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் நடந்து 2006இல் வெளியானது. தமக்காகப் பிரார்த்திக்கப்படுகிறதா என்று தெரியாதவர்களில், பிரார்த்தனை பெற்றவர்களுக்கு 52 சதவீதமும் பெறாதவர்களுக்கு 51 சதவீதமும் சிக்கல்கள் வந்தன, அதாவது வேறுபாடில்லை. உங்களுக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்லப்பட்டவர்களுக்கு அது 59 சதவீதமாக இருந்தது. இந்தக் கடைசி எண் தற்செயலாகவும் இருக்கலாம். ‘எனக்காக ஒரு கூட்டமே ஜெபிக்கும் அளவுக்கா என் நிலைமை இருக்கிறது’ என்ற பயமாகவும் இருக்கலாம். அது இதய அறுவை, அங்கே பிரார்த்தித்தவர்கள் முன்பின் தெரியாதவர்கள் என்பதால், குடும்பத்தார் மனச்சோர்வுக்காக வேண்டிக்கொள்வதற்கு இதை அப்படியே பொருத்த முடியாது. நீங்கள் தாராளமாக வேண்டிக்கொள்ளுங்கள். உங்கள் மனத்துக்காவது அது உதவும். ஆனால் அவர் பெயரைச் சொல்லிக் கூட்டத்தில் ஜெபிப்பது, வீட்டுக்கு ஆட்களை அழைத்துத் தலையில் கைவைப்பது, ஓதித் தண்ணீர் கொடுப்பது எதுவானாலும் முதலில் அவரிடம் கேட்டு, அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.